நியமனக் கடிதத்துக்கு முன் ஒரு பாடவேளை

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகிற வீதியில் இருபாலையும் கோப்பாயும் தாண்டினால் நீர்வேலி. செம்மண்ணும் வாழைத்தோட்டமும் கோயில்களுமாக இருக்கிற ஊர். இங்கே ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதிபர் என்ன செய்யலாம்? பத்திரிகையில் விளம்பரம் போட முடியாது. நன்றாகப் படிப்பிக்கிற ஒருவரைத் தெரிந்திருந்தாலும் அவரைக் கூப்பிட்டு வேலைக்கு வைக்க முடியாது. ஆளணி விபரப் படிவத்தில் கணிதத்துக்கு நேரே வெற்றிடம் ஒன்று என்று எழுதி அனுப்பலாம். பிறகு காத்திருக்கலாம்.

அந்தப் படிவம் கோப்பாய்க் கோட்டம் வழியாக யாழ்ப்பாண வலயக் கல்விப் பணிமனைக்குப் போகும். வலயத்துக்குள் எங்காவது மேலதிகமாக ஒரு கணித ஆசிரியர் இருந்தால் வலயப் பணிப்பாளர் அவரை மாற்றி அனுப்பலாம். இல்லையென்றால் மாகாணக் கல்வித் திணைக்களம். அங்கே யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய், மன்னார், மடு, வவுனியா என்று எல்லாப் பக்கத்து வெற்றிடங்களும் பாடவாரியாகக் கூட்டப்படும். அதற்கு மேலே மாகாணக் கல்வி அமைச்சு, சம்பளத்துக்குச் சம்மதிக்க வேண்டிய திறைசேரி, மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழு. விண்ணப்பம் கோருவார்கள், போட்டிப் பரீட்சை வைப்பார்கள், நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், சான்றிதழ் பார்ப்பார்கள், ஒரு மண்டபத்தில் எல்லாரையும் இருத்தி நியமனக் கடிதம் கொடுப்பார்கள். ஒன்பதாம் தரத்தில் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்த பிள்ளை இதற்கிடையில் சாதாரண தரப் பரீட்சையே எழுதி முடித்துவிடக் கூடும்.

இவ்வளவு நீண்ட வழியில் ஒரு வேலை மட்டும் நடப்பதில்லை. பிள்ளைகள் நிறைந்த ஒரு வகுப்பறையில் அந்த மனிதர் ஒரு பாடவேளை முழுக்கப் படிப்பிப்பதை, அந்தப் பாடம் தெரிந்த ஒருவர் கடைசி வாங்கில் இருந்து பார்ப்பதில்லை. பட்டதாரி ஆசிரியர் நியமனத்தில் இதுதான் வழமை. ஒருவர் படிப்பிப்பாரா இல்லையா என்பது நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான், அதுவும் பிள்ளைகளுக்குத்தான், முதலில் தெரியவருகிறது.

ஆசிரியர் இல்லாத பாடசாலை எப்படி ஓடுகிறது என்பதை அதிபரின் அறையில் இருக்கிற நேரசூசி சொல்லும். ஒரு பெரிய தாள். இடப்பக்கம் வகுப்புகள், மேலே பாடவேளைகள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஆசிரியரின் பெயர்ச்சுருக்கம். வெற்றிடமுள்ள பாடத்தின் கட்டங்களை அடிக்கடி அழித்து எழுத வேண்டியிருக்கும். தரம் 8 கணிதத்துக்கு விவசாயம் படிப்பிக்கிறவர், தரம் 9க்குப் பக்கத்துப் பாடசாலையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் 'இணைப்பில்' வருகிறவர், தரம் 10க்குப் பழைய மாணவர் சங்கம் கைச்செலவுக்குக் காசு கொடுத்து வைத்திருக்கிற ஒரு பிள்ளை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற காசு கட்டடத்துக்கும் மதிலுக்கும் மட்டுமல்ல, இப்படி ஒரு ஆசிரியரின் மாதக் கொடுப்பனவுக்கும் போவது குடாநாட்டில் பலருக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் காசை அனுப்புகிறவர்களை மெச்ச வேண்டும். ஆனால் இலவசக் கல்வி என்று 1945இல் கன்னங்கரா தொடக்கிவைத்த ஏற்பாட்டில், ஒரு பிள்ளைக்குக் கணிதம் கிடைப்பது அந்த ஊரார் எத்தனை பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அமையக்கூடாது.

அதே வீதியால் பத்துக் கிலோமீற்றருக்குள் யாழ் நகரம். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி போன்றவை தேசிய பாடசாலைகள். அவற்றுக்கு ஆசிரியரை அனுப்புவது பத்தரமுல்லையில் இசுருபாயவில் இருக்கிற கல்வி அமைச்சு. நீர்வேலிப் பாடசாலைகளுக்கு அனுப்புவது மாகாணம். 1987இல் வந்த 13ஆவது திருத்தமும் மாகாணசபைகள் சட்டமும் செய்த பிரிப்பு இது. இலங்கையில் இருக்கிற பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகளில் சில நூறுதான் தேசிய பாடசாலைகள். மற்றவை எல்லாம் மாகாணங்களின் கையில். வடக்கில் 2018 ஒக்ரோபரில் மாகாணசபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை, ஆளுநரின் நிர்வாகம்தான். பிள்ளைக்கு ஆசிரியர் இல்லை என்றால் வாக்குக் கேட்டு வந்த யாரைப் பிடித்துக் கேட்பது என்பதும் தெரியாத நிலை.

கோப்பாயில் உருவாகிறவர்கள்

நீர்வேலிக்குப் பக்கத்து ஊரான கோப்பாய், இலங்கைத் தமிழ் ஆசிரியர்களின் தாய்வீடு. நூறு வயதைக் கடந்த கோப்பாய் ஆசிரிய கலாசாலை அங்கேதான். யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியும் கோப்பாயில்தான். முன்னையது ஏற்கனவே பணியில் இருக்கிற, பயிற்சி பெறாத ஆசிரியர்களைப் பயிற்றுவது. பின்னையது உயர்தரம் சித்தியடைந்த இளையவர்களை எடுத்து ஆசிரியராக ஆக்குவது.

1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கல்வியியற் கல்லூரிகளின் ஏற்பாடு நல்ல ஏற்பாடு என்பதை முதலில் சொல்ல வேண்டும். உயர்தர இசட் புள்ளி, ஒதுக்கீடு, நேர்முகம் என்று கடந்து உள்ளே போகிற பிள்ளை இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிக்கிறது. மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் பயிற்சி ஆசிரியராக நிற்கிறது. விரிவுரையாளர் வந்து பின்னால் இருந்து பார்ப்பார். பாடக்குறிப்பைத் திருத்துவார். அதாவது கோப்பாயில், ஒருவர் படிப்பிப்பதைப் பார்த்து மதிப்பிடுகிற பழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. குறை எங்கே என்றால், அந்த மதிப்பீடு டிப்ளோமாச் சான்றிதழோடு நின்றுவிடுகிறது. யாரை எந்தப் பாடசாலைக்கு அனுப்புவது என்ற தீர்மானத்தில் அதற்குப் பெரிய இடமில்லை. பின்தங்கிய பிள்ளைகளைத் தூக்கி நிறுத்துவதில் கெட்டிக்காரி என்று விரிவுரையாளர் கண்டுகொண்ட ஒருத்தி, அப்படிப் பிள்ளைகளே அதிகமில்லாத பாடசாலைக்குப் போகலாம். வெற்றிடப் பட்டியலும் தகைமைப் பட்டியலும் சந்திக்கிற இடத்தில் பெயர்கள்தான் பொருத்தப்படுகின்றன.

பட்டதாரிகளின் வழி வேறு. இலங்கை ஆசிரியர் சேவை 1994இல் உருவானது. இப்போது நடைமுறையில் இருப்பது 2014 ஒக்ரோபர் 23இல் 1885/38 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த சேவைப் பிரமாணக் குறிப்பு. அதன்படி பட்டதாரி ஒருவர் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். பொது அறிவு, நுண்ணறிவு போன்றவற்றைச் சோதிக்கும் வினாத்தாள்கள். சித்தியடைந்தால் நேர்முகம். பொது நேர்முகத்துக்குப் புள்ளி இல்லை; பட்டச் சான்றிதழ், பிறப்பத்தாட்சி, வதிவிடம் சரிதானா என்று பார்ப்பதோடு சரி. பிறகு செயன்முறைப் பரீட்சை என்று ஒன்று.

அந்தச் செயன்முறைப் பரீட்சையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஒரு மேசை, பின்னால் இரண்டு மூன்று அதிகாரிகள், ஒரு வெண்பலகை. விண்ணப்பதாரி உள்ளே வருகிறார். பிள்ளைகள் யாரும் இல்லை. ஐம்பது வயது தாண்டிய அதிகாரிகளை ஏழாம் தரப் பிள்ளைகளாக நினைத்துக்கொண்டு, பின்னத்தைக் கூட்டுவது எப்படி என்று சில நிமிடம் பேச வேண்டும். எழுத்துத் தெளிவு, குரல், தோற்றம், தொடர்பாடல் என்று புள்ளி விழும். வெளியே இன்னும் நிறையப் பேர் கோப்போடு காத்திருக்கிறார்கள். அந்தச் சில நிமிடத்தில் யாரும் பிழையான விடை சொல்வதில்லை. யாரும் யன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. 'ரீச்சர், எனக்கு விளங்கேல்லை' என்று ஒரு சின்னக் குரல் கேட்பதில்லை. படிப்பித்தல் தொடங்குவதே அந்தக் குரல் கேட்கும்போதுதான். அதற்கு முன்னால் நடப்பது பேச்சு.

அதிகாரிகளைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரே தடவையில் பெருந்தொகையானவர்களை எடுக்கும்போது, யாருக்கும் அநியாயம் நடந்ததென்று வழக்கு வராமல் பார்க்க வேண்டியது அவர்களின் பொறுப்பு. புள்ளி எண்ணிக்கைக்குச் சாட்சி உண்டு. வகுப்பறையில் கண்ட ஒரு நல்ல ஆசிரியருக்கு அப்படிச் சாட்சி காட்டுவது கடினம். எனவே எண்ணக்கூடியதை மட்டும் எண்ணுகிற பழக்கம் வேரோடிவிட்டது.

இதற்குமேல் வேலையில்லாப் பட்டதாரிகள் பிரச்சினை வந்து விழுகிறது. 1974இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பட்டதாரிகளை உருவாக்கி வருகிறது. அவர்களில் கலைப் பட்டதாரிகள் ஏராளம். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் என்று பாடசாலைகள் கேட்கிறவர்கள் குறைவு. கச்சேரி வாசலில் பந்தல் போட்டுப் போராடிய பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று வரும் அரசாங்கங்கள் எல்லாம் தொகையாக எடுத்தன. 2020இல் நாடு முழுக்க எடுக்கப்பட்ட பட்டதாரிகளில் பெருந்தொகையானவர்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் பாடசாலைகளுக்குள் விடப்பட்டார்கள். பெயர் உத்தியோகத்தர், வேலை பல இடங்களில் ஆசிரியர் வேலை. அவர்களை ஆசிரியர் சேவைக்குள் எடுப்பதற்காக 2023 மார்ச்சில் நடக்கவிருந்த போட்டிப் பரீட்சை நீதிமன்றம் போய் நின்றது. வருடக்கணக்காகப் படிப்பித்துக்கொண்டிருக்கிறவர், தான் படிப்பிக்கத் தகுதியானவரா என்று இனித்தான் ஒரு வினாத்தாளுக்குப் பதில் எழுத வேண்டும் என்ற நிலை. அவர் படிப்பித்த வருடங்களைப் போய்ப் பார்த்து ஓர் அறிக்கை எழுதுவது அந்தப் பரீட்சையை விட நேர்மையாக இருந்திருக்கும்.

தொண்டர் ஆசிரியர்கள் கதை இதைவிட நெஞ்சை அறுப்பது. போர்க் காலத்தில் வன்னியிலும் தீவுகளிலும் எல்லைக் கிராமங்களிலும் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளை மூடவிடாமல் வைத்திருந்தவர்கள் அந்த ஊர்களின் இளம்பெண்களும் பையன்களும். உயர்தரம் படித்த கையோடு வந்து, சம்பளமே இல்லாமலும் அற்பக் கொடுப்பனவுக்கும் படிப்பித்தார்கள். போர் முடிந்தபின் அவர்களுக்கு நியமனம் கேட்டால் பட்டம் எங்கே, வயதெல்லை தாண்டிவிட்டதே, வரவுப் பதிவேடு எங்கே என்று கேள்வி வந்தது. பதிவேடு இடம்பெயர்வில் போனது. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு ஒரு பகுதியினருக்கு நியமனம் கிடைத்தது. பங்கருக்குப் பக்கத்தில் மரநிழலில் பிள்ளைகளை இருத்தி அகரம் எழுதப் பழக்கிய ஒருத்தியின் திறமையை அளக்க எங்கள் நிர்வாகத்திடம் ஒரு கோல் இருக்கவில்லை என்பதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

மனேச்சர் காலம்

ஊராரே ஆசிரியரைத் தேர்ந்தெடுத்த காலம் ஒன்று இங்கே இருந்தது. அதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு அந்தக் காலத்தின் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

நீர்வேலி படிப்புக்குப் பெயர்போன ஊர். இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய அரசகேசரியின் பெயரில் பிள்ளையார் கோயில் இருக்கிற ஊர். 19ஆம் நூற்றாண்டில் சங்கர பண்டிதரும் அவருக்குப் பின் மகன் சிவப்பிரகாச பண்டிதரும் தமிழும் வடமொழியும் சொல்லிக்கொடுத்த ஊர். அந்தக் காலத்தில் மாணவன்தான் ஆசிரியரைத் தேடிப் போனான். இன்னாரிடம் போனால் இலக்கணம் வரும் என்ற பேர்தான் ஆசிரியரின் நியமனக் கடிதம்.

பாடசாலைகள் பெருகிய பிறகு முகாமையாளர் முறை வந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிசன்மாரும் சைவச் சபைகளும் பாடசாலை நடத்தினார்கள். அரசாங்கம் உதவி நன்கொடை கொடுத்தது. ஆசிரியரைச் சேர்ப்பதும் விலக்குவதும் மனேச்சரின் கையில் இருந்தது. 1923இல் உருவான சைவ வித்தியாவிருத்திச் சங்கம், 'இந்துபோர்ட்' இராசரத்தினத்தின் உழைப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியது. திருநெல்வேலியில் சொந்தமாக ஒரு சைவாசிரிய கலாசாலையே வைத்திருந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அங்கே படிப்பித்தார். இவரிடம் படித்து வெளியே வருகிற ஒருவரைப் பாடசாலையில் சேர்க்கும்போது மனேச்சருக்கு யாரைச் சேர்க்கிறோம் என்று தெரியும். கலாசாலையும் பாடசாலையும் ஒரே கையில் இருந்ததால், படிப்பிக்கக் கூடியவர் யார் என்ற அறிவு வழியில் தொலைந்து போகவில்லை. இன்றைக்கு எங்களிடம் இல்லாதது அதுதான்.

ஆனால் அந்த மனேச்சர் யாரைச் சேர்க்க மாட்டார் என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. மதம் பார்த்தார்கள். சாதி பார்த்தார்கள். 1920களின் இறுதியில் உதவி நன்கொடைப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சம ஆசனத்தில் இருத்த வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது இங்கே எவ்வளவு எதிர்ப்புக் கிளம்பியது என்பதை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர் சமாசனத்துக்காக நின்றார்கள். வேறு சிலர் பாடசாலைக் கொட்டகைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். பிள்ளை வாங்கில் இருப்பதையே பொறுக்காதவர்கள், அந்தப் பிள்ளை வளர்ந்து ஆசிரியராகக் கதிரையில் இருப்பதை எப்படிப் பொறுத்திருப்பார்கள்? மனேச்சரோடு முரண்பட்டால் வேலை போகும் என்ற பயத்திலும் ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் வலுப்பெற்றதற்கு அது ஒரு காரணம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கத்தின் கீழ் கொண்டுவந்தபோது, சைவப் பெரியோரும் மிசன்மாரும் எதிர்த்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்களில் பலர் அதை ஒரு கதவு திறந்ததாகக் கண்டார்கள். இருவருடைய நியாயத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் இன்றைக்குப் பேச வேண்டும். ஆசிரியர் நியமனத்தை ஊர்ப் பெரியவர்களிடமோ பழைய மாணவர் சங்கத்திடமோ திருப்பிக் கொடு என்று கேட்பவரோடு நான் உடன்படமாட்டேன்.

நன்னூல் வைத்த அளவுகோல்

நாவலர் பதிப்பித்து இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் படித்த நன்னூலில், நல்லாசிரியர் யார் என்று சொன்ன பவணந்தி முனிவர், ஆசிரியர் ஆகத்தகாதவர் யார் என்றும் சொல்லி வைத்திருக்கிறார். அவர்களுக்கு நான்கு உவமை: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு.

கழற்சிக்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது. ஒழுங்கில்லாமல் சொல்லிக்கொடுப்பவர் அப்படி. கருக்கு மட்டை சூழ்ந்த பனையில் ஏறிப் பழம் பறிக்க முடியாது, தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை நெருங்க முடியாத ஆசிரியர் அப்படி. பஞ்சு அடைத்த குண்டிகையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். வளைந்த தென்னைக்கு நீர் ஊற்றுகிறவன் ஒருவன், தேங்காய் விழுவது அடுத்த வளவில்.

இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விடயம் துலங்கும். ஒன்றுகூட வெறுமையானதல்ல. குடத்தில் காய் நிறைய இருக்கிறது. பனையில் பழம் இருக்கிறது. குண்டிகையில் பஞ்சு இருக்கிறது. தென்னை நன்றாகக் காய்க்கிறது. இவர்கள் எல்லாரும் கற்றவர்கள். கொடுக்கிற விதத்தில்தான் பிழை. இவர்களை ஒரு மண்டபத்தில் இருத்தி எழுத்துப் பரீட்சை வைத்தால் நால்வரும் சித்தியடைவார்கள், சிலவேளை முதல் நான்கு இடமும் அவர்களுக்கே கிடைக்கும். வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால் மட்டும்தான் பிடிபடுவார்கள். முடத்தெங்கு என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. சம்பளம் பாடசாலையில், உயிரைக் கொடுத்துப் படிப்பிப்பது பின்னேர ரியூசன் கொட்டகையில். எல்லா ஆசிரியரும் அப்படியல்லர். அப்படி இருக்கிற ஒருவரை எந்த வினாத்தாளும் கண்டுபிடிக்காது.

எங்கள் ஊர் அறிவைத்தான் இன்றைய ஆய்வுகளும் வேறு பாஷையில் சொல்கின்றன. அமெரிக்காவில் ஒவ்வொரு கல்வி மாவட்டமும் தனக்கு வேண்டிய ஆசிரியரைத் தானே சேர்த்துக்கொள்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போக்கேன் என்ற நகரத்தின் பாடசாலை நிர்வாகம் விண்ணப்பங்களை இரண்டு கட்டமாகச் சலித்தது. முதலில் அலுவலகத்தில் 21 புள்ளிக்கு ஒரு மதிப்பீடு. அதில் தேறியவர்களைப் பாடசாலை மட்டத்தில் 60 புள்ளிக்கு இன்னொரு மதிப்பீடு: வகுப்பைக் கட்டி நடத்துவது, கற்பிக்கும் திறன், சூழலுக்கேற்ப மாறிக்கொள்வது, மற்றவர்களோடு பழகும் விதம். டான் கோல்ட்ஹேபரும் உடன் ஆய்வாளர்களும் பின்னால் அந்த ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்த்தபோது, பாடசாலை மட்டத்தில் கூடப் புள்ளி வாங்கியவர்களின் மாணவர்கள் கூட முன்னேறியிருந்தார்கள். அந்த ஆசிரியர்கள் விட்டுப்போவதும் குறைவாக இருந்தது.

வாஷிங்டன் டி.சி.யில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. அங்கே விண்ணப்பதாரிகளுக்குப் பாட அறிவுச் சோதனை, நேர்முகம், மாதிரிக் கற்பித்தல் என்று படிப்படியாக வைத்தார்கள். அவற்றில் எடுத்த புள்ளிகள் பிற்காலத்தில் அவர் எப்படிப் படிப்பிப்பார் என்பதை நன்றாகவே காட்டின. ஆனால் அதிபர்கள் யாரைச் சேர்த்தார்கள் என்று பார்த்தால், அந்தப் புள்ளிகளுக்கும் அவர்களுடைய தெரிவுக்கும் தொடர்பு சொற்பம். அதிபரிடம் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பார்த்த சாட்சியத்தைப் பயன்படுத்துகிற பழக்கமும் சேர்ந்து வரவேண்டும்.

தமிழ்நாட்டைப் பார்த்தும் ஒன்று படிக்கலாம். ஆசிரியர் தேர்வு வாரியமும் 150 மதிப்பெண் தகுதித் தேர்வும் அங்கே வந்து பல வருடமாகிவிட்டன. சிபாரிசுக்கும் கைலஞ்சத்துக்கும் எதிராக ஒரு தேர்வு நல்ல மதில்தான். இருந்தும் வருடக்கணக்காகப் பணியில் இருக்கிறவர்களும் அந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டெம்பர் 1இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பெருந்தொகையான ஆசிரியர்கள் திகைத்து நின்றார்கள். அவர்கள் இத்தனை வருடம் எப்படிப் படிப்பித்தார்கள் என்ற கேள்வி அந்த விவாதத்தில் ஓரமாக நின்றது.

துணுக்காய்க்கு யார் போவார்?

நான் சொல்லப்போகிற யோசனைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாடசாலைக்கே ஆசிரியரைத் தெரிவு செய்ய விட்டால், கெட்டிக்காரர் எல்லாரும் யாழ் நகரத்துக்கு வந்துவிடுவார்கள். துணுக்காய்க்கும் மடுவுக்கும் நெடுந்தீவுக்கும் யார் போவார்?

இன்றைக்கே அதிகாலையில் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். சேலை உடுத்த ஆசிரியைகள், மடியில் சாப்பாட்டுப் பை, தலை யன்னலில் சாய்ந்திருக்கும். ஆனையிறவு தாண்டும்போது பலர் நித்திரை. ஏழரைக்குப் பாடசாலை தொடங்க வேண்டும். ஒன்றரைக்கு விட்டதும் திரும்ப அதே பயணம். சின்னப் பிள்ளையைத் தாயாரிடம் விட்டுவிட்டு வருகிறவர்கள் அவர்கள். முதல் நியமனம் கஷ்டப் பிரதேசத்தில் என்ற விதியும், 2007/20 இலக்கச் சுற்றறிக்கையின் இடமாற்றக் கொள்கையும், இடமாற்றச் சபையும் இருப்பதால்தான் அந்தப் பாடசாலைகளில் இவ்வளவாவது ஆட்கள் இருக்கிறார்கள். அதைக் குலைக்கக் கூடாது. 2022 ஜூனில் வந்த 14/2022 சுற்றறிக்கை அரச ஊழியர்கள் சம்பளமற்ற லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போக வழிவிட்டபோது, போன ஆசிரியர்களின் இடம் அந்தத் தூரத்துப் பாடசாலைகளில்தான் முதலில் வலித்தது.

ஆகவே யார் ஆசிரியர் ஆகலாம் என்பதையும், அவர் எங்கே போக வேண்டும் என்பதையும் வேறுவேறாக வைக்க வேண்டும். எங்கே என்பதை மாகாணமே தீர்மானிக்கட்டும். கஷ்டப் பிரதேசத்துக்கு முதலிடம் இருக்கட்டும். யார் என்பதை ஒரு வகுப்பறைக்குள் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். துணுக்காய்ப் பிள்ளைக்கும் படிப்பிக்கத் தெரிந்த ஆசிரியரே போய்ச் சேர்வார் என்பதற்கு அதைவிட வேறு உத்தரவாதம் இல்லை. இன்றைய முறையில் படிப்பிக்கத் தெரியாத ஒருவர் எடுபட்டால் அவரும் அநேகமாக முதலில் போய் இறங்குவது அந்தப் பிள்ளையின் வகுப்பில்தான்.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஆசிரியர் சேவையில் சேர்கிற ஒருவருக்கு மூன்று வருடத் தகுதிகாண் காலம் ஏற்கனவே உண்டு. அந்தச் சொல் சொல்கிறபடி, அவர் தகுதியானவரா என்று காண்பதற்கான காலம் அது. நடைமுறையில் அந்த மூன்று வருடத்தில் பார்க்கப்படுவது வரவு, ஒழுக்கம், வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சை, வைத்தியச் சான்றிதழ். கோப்பில் தாள்கள் சரியாக இருந்தால் நியமனம் உறுதியாகும். அதன் பிறகு அறுபது வயது வரை அவர் ஆசிரியர்.

அந்தக் கோப்புக்குள் வகுப்பறையில் எழுதிய அறிக்கைகளும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தவணையிலும் ஒரு பாடவேளை. பார்ப்பவர் ஒருவராக இருந்தால் பழைய மனேச்சர் திரும்பி வருவார். அதனால் மூவர்: பாடசாலையின் அதிபரோ பகுதித் தலைவரோ ஒருவர், அந்தப் பாடத்தின் ஆசிரிய ஆலோசகர் ஒருவர், வேறு வலயத்திலிருந்து அதே பாடம் படிப்பிக்கிற அனுபவசாலி ஒருவர். வேறு வலயத்து ஆள் முக்கியம். அவருக்கு இந்த ஊரின் சாதியும் தெரியாது, சொந்தமும் தெரியாது. மூவரும் தனித்தனியே எழுத வேண்டும். எழுதியதை அந்த ஆசிரியருக்குக் காட்ட வேண்டும். முதல் வருடத்தில் எழுதுவது திருத்துவதற்காக. உறுதிப்படுத்துவதற்கு மூன்றாம் வருடத்து அறிக்கைகளே கணக்கில் வரவேண்டும். தட்டுத்தடுமாறித் தொடங்கிப் பின்னால் மிக நல்ல ஆசிரியர் ஆனவர்கள் எங்கள் ஒவ்வொருவருடைய பாடசாலையிலும் இருந்தார்கள். அவர்களை முதல் வருடத்திலேயே தள்ளிவிடுகிற முறை எனக்கு வேண்டாம்.

போட்டிப் பரீட்சைக்குப் பின்னான செயன்முறைப் பரீட்சையையும் வெறும் அறையிலிருந்து பாடசாலைக்கு மாற்றலாம். கோப்பாய்க் கோட்டத்தில் மட்டுமே அதற்குப் போதுமான பாடசாலைகள் இருக்கின்றன. ஆசிரியர் இல்லாத ஒன்பதாம் தரக் கணித வகுப்பு ஒன்றைக் கொடுங்கள். ஒரு பாடவேளை கொடுங்கள். முந்தின நாளே பாடத்தலைப்பைச் சொல்லுங்கள். எல்லா விண்ணப்பதாரிகளுக்கும் இதைச் செய்ய நாள் காணாது என்பது உண்மை. எழுத்துப் பரீட்சையில் தேறி, வெற்றிடத்தின் இரண்டு மடங்கு எண்ணிக்கைக்குள் வருகிறவர்களுக்குச் செய்யலாம். கல்வியியற் கல்லூரி விரிவுரையாளர்கள் இந்த வேலையில் பழகியவர்கள். அவர்களிடம் இருக்கிற மதிப்பீட்டுத் தாளையே எடுத்துத் தொடங்கலாம். தொண்டர் ஆசிரியராகவோ அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ ஏற்கனவே படிப்பிக்கிறவருக்கு அவருடைய சொந்த வகுப்பிலேயே போய்ப் பார்க்கலாம்.

மற்றப்படி வேண்டியது ஆளும் நேரமும். ஆசிரிய ஆலோசகர்கள் எல்லா வலயங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய நாளில் பெரும்பகுதி தமிழ்த்தினப் போட்டி, பரீட்சை வேலை, படிவம் சேர்ப்பது, கூட்டம் என்று போகிறது. வாரத்தில் இரண்டு நாள் அவர்களை வகுப்பறைக்குள் மட்டும் விட வேண்டும், வேறு வலயத்துக்குப் போகிற நாளுக்குப் பயணப்படி கொடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் அடுத்த தவணையிலேயே ஒரு வலயத்தில் தொடங்கிப் பார்க்கலாம். அதை எழுத வேண்டிய மாகாணக் கல்வித் திணைக்களம் நல்லூர் செம்மணி வீதியில் இருக்கிறது; நீர்வேலியிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம்.